கல்லைப் படிக்கக் கற்றுத்தரும் தொழில்

நிலவியல் ஆசிரியருக்கு வெட்டவெளியே வகுப்பறை. சுத்தியல், கைலென்ஸ், சாய்வு அளக்கும் திசைகாட்டி ஆகிய மூன்றும் அவருடைய முதன்மைக் கருவிகள். வெயிலும் மழையும் பட்ட பாறை மேற்புறம் நிறம் மாறியிருக்கும். அதை உடைத்துப் புதிய முகத்தைப் பார்ப்பதே முதல் பாடம்.

சென்னைப் பரங்கிமலையின் சார்னாக்கைட், பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை. கொல்கத்தாவிலுள்ள, ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். அரியலூரில் கிடைக்கும் அம்மோனைட் என்ற கடல்வாழ் ஓட்டுயிரியின் புதைபடிவங்களோ, அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததைச் சொல்கின்றன. சுருள் சுருளான அந்த ஓட்டை ஒரு மாணவர் உள்ளங்கையில் ஏந்தும்போது, 6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காலம் கைக்கு எட்டுகிறது. இந்தப் பாடத்தின் தனி அழகு இதுவே.

தொழில் வாய்ப்பும் விரிந்தது. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை நாட்டின் பாறைகளை வரைபடமாக்குகிறது. நிலத்தடி நீர் தேடுதல், கனிமங்களையும் எண்ணெயையும் கண்டறிதல், அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் உறுதியான அடித்தளம் தேர்ந்தெடுத்தல், நிலச்சரிவு ஆபத்தை மதிப்பிடுதல் ஆகிய அனைத்துக்கும் நிலவியலாளர் தேவை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் கல்லை முதன்முதலில் படிக்கக் கற்றுத்தந்தவர் ஓர் ஆசிரியர்.