நகர எளியோரும் தமிழ் நடைச்சித்திரமும்

சேத்துப்பட்டு என்னும் பெயரால் இரண்டு ஊர்கள் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டுள்ளன. ஒன்று, சென்னை மாநகரின் நடுவே எழும்பூரை அடுத்துள்ள பகுதி. மற்றொன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிக்கும் போளூருக்கும் இடையே, ஆரணிப் பட்டு நெசவு பயிலும் வட்டாரத்தைச் சார்ந்த ஊர். இவ்விரண்டாம் சேத்துப்பட்டின் அயலில் தறியிலிருந்து இறங்கிய சேலை, முதலாம் சேத்துப்பட்டின் திருமண வீடொன்றில் மணமகளின் மேல் விளங்குதல் இயல்பேயாகும். நெசவாளி பட்டு நூலையும் சரிகையையும் வணிகரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ பெறுகிறார். வீட்டுத் தறியில் நெய்கிறார். கூலி பெற்றுச் சேலையை ஒப்படைக்கிறார். நகரத்தில் அது விலையாகும்போது பெட்டியின்மேல் காணப்படுவது கடையின் பெயரே; நெய்தவர் பெயர் அன்று.

எளிய மனிதரைப் பற்றி எழுதப்படும் இலக்கியத்திலும் இதனையொத்த நிலையொன்று உண்டு. வாழ்க்கை ஒருவருடையது, எழுத்தின் மேல் நிற்கும் பெயர் மற்றொருவருடையது. தெருவிலே நாம் நாளும் காணும் ஒருவரை, கற்பனையாகவன்றி உள்ளவாறே, இதழொன்றில் இலக்கிய நயம்படத் தீட்டும் எழுத்தை நடைச்சித்திரம் என்பர். அது சிறுகதை அன்று. அதன் மாந்தர் உண்மையானவர். வாழ்க்கை வரலாறும் அன்று. அதன் தலைவர் புகழ் பெற்றவரல்லர். வெறும் செய்தியும் அன்று. மறுநாள் பழையதாகிப் போவதில்லை. இவ்வகை தமிழில் எவ்வாறு தோன்றியது, எங்கே தளர்ந்தது, இதனை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் யாது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழைய நகரமும் தொழில்வகை மாந்தரும்

நகர மாந்தரைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. பகலங்காடியும் இரவங்காடியும் அதிற் காட்சியாகின்றன. சங்கறுப்போர், மணிக்குத் துளையிடுவோர், பொன்வினைஞர், ஆடை விற்போர், செம்பு நிறுப்போர், பூ விற்போர், ஓவியர் என அங்காடி மாந்தர் வரிசையாக வருகின்றனர். இரவு முதிர்ந்த யாமத்தில் கள்வரும் அவரைத் தேடும் ஊர்காவலரும் தோன்றுகின்றனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையும் மருவூர்ப்பாக்கத்துக் கைவினைஞரை வகைவகையாகக் கூறுகின்றது. பட்டு நெய்யும் காருகருக்கும் அங்கு இடமுண்டு.

எனினும் இவர்களுள் ஒருவரேனும் தனிமனிதராக நம்முன் நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. தொழிலுக்கு ஒருவராக அவர்கள் நிறுத்தப்படுகின்றனர். புலவர்க்கு வேண்டியது நகரத்தின் நிறைவு. மனிதரின் தனித்தன்மை அன்று. சிலப்பதிகாரத்திலேயே இதற்கு விலக்கும் உண்டு. இடையர் குலத்து மாதரிக்குப் பெயரும் மனையும் செயலும் துயரும் தரப்பட்டுள்ளன. அதே காப்பியத்தில் கோவலன் சாவுக்குக் காரணனாகிய பொற்கொல்லனுக்குப் பெயர் இல்லை. பெயர் பெற்றவளிடம் நாம் பரிவு கொள்கிறோம். பெயரற்றவனைத் தொழிலாகவே காண்கிறோம். பின்னாளைய நடைச்சித்திரம் எதிர்கொண்ட சிக்கலின் வித்து ஈண்டே உளதென்று கருதலாம்.

2. பாரதியார் காட்டிய கோணங்கி

அச்சு இதழ் வளர்ந்தபின் தெருமாந்தர் உரைநடையுள் நுழைந்தனர். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அந்நகரை வேதபுரம் எனப் பெயரிட்டுத் தம் எழுத்துகள் பலவற்றில் களமாக்கினார். 'புதிய கோணங்கி' அவற்றுள் ஒன்று. வீட்டார்க்கு நற்குறி சொல்லும் வழக்கமுடைய குடுகுடுப்பைக்காரன், அதனை மாற்றி, நாட்டுக்கும் சமுதாயத்துக்கும் நல்ல காலம் கூறுபவனாக அதில் வருகின்றான்.

விசித்திர மனிதனை விசித்திரத்திற்காகவே காட்டாமல், அவனுள் ஒரு காலத்தின் விழைவைக் கண்டது பாரதியாரின் ஆற்றலாகும். ஆயினும், கோணங்கியின் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் பாரதியாரின் எண்ணமே. குடுகுடுப்பை அவனுடையது, குறி கவிஞருடையது. இது குறையெனக் கூறுதல் எம் கருத்தன்று. எளியவரைப் பேசவிடுதல் வேறு, எளியவர் வாயிலாகப் பேசுதல் வேறு என்னும் வேறுபாட்டை ஆராய்வோர் மறத்தலாகாது என்பதே எம் கருத்து.

3. மணிக்கொடியும் வ.ரா.வும்

1933இல் கே. சீனிவாசன், டி.எஸ். சொக்கலிங்கம், வ.ராமசாமி ஆகிய மூவரும் மணிக்கொடி இதழைத் தொடங்கினர். அம்மூவருள் ஒருவரான வ.ரா. (1889–1951) தீட்டிய எழுத்தோவியங்களே 'நடைச்சித்திரம்' என்னும் பெயரையும் வகையையும் தமிழில் நிலைபெறச் செய்தன. நூலாகவும் அவை வெளிவந்தன. அரசர்க்கும் அடியார்க்கும் தலைவர்க்கும் உரியதாயிருந்த உரைநடைச் சிறப்பை, உழைத்து உண்ணும் சாதாரண மக்களுக்கு உரியதாக்கியமை அவர் செய்த பெருந்தொண்டு.

பேச்சின் ஓட்டத்தைத் தழுவிய சிறு சிறு வாக்கியங்கள் அவருடைய நடையின் இயல்பு. வாசகனைத் திண்ணையில் அருகமர்த்திச் சொல்வதுபோல அவர் சொல்லிச் செல்வார். சாதிப் பெருமையைக் கடிந்த சீர்திருத்தவாதியாதலின், தாழ்வாகக் கருதப்பட்ட தொழில்களைச் செய்வோரின் அறிவையும் மானத்தையும் எடுத்துக்காட்டுதல் அவர்தம் உள்ளக்கிடக்கையாயிற்று.

அவ்வுள்ளக்கிடக்கையே அவரது வலிமை, எல்லையும் அதுவே. ஒருவரை மதிக்கச் செய்யவேண்டும் என்னும் நோக்கம் முன்னிற்குமிடத்து, அவருடைய சிறுமையும் முரணும் பின்னே மறைகின்றன. மாந்தர் மீண்டும் வகையாகி விடுகின்றனர். இம்முறை இழிந்த வகையாக அன்றி, உயர்ந்த வகையாக. இகழ்ச்சியினும் இது நன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் தனிமனிதர் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

4. புதுமைப்பித்தன்: உண்மை இடம், கற்பனை மனிதர்

மணிக்கொடி எழுத்தாளர் பலர் இதழ்ப்பணியால் பிழைத்தவர்கள். புதுமைப்பித்தனும் (1906–1948) தினமணியிலும் பின்னர்த் தினசரியிலும் பணிபுரிந்தார். நாள்தோறும் செய்தியைக் கையாண்ட அவர், நகர மாந்தரைத் தீட்டப் பெரிதும் சிறுகதையையே தேர்ந்தார். 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில் தொடங்குகின்றது. சித்த மருத்துவ இதழொன்றை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுள் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கடவுளின் வருகை கற்பனை. அத்தெருமூலையோ சென்னையை அறிந்தோர் இன்றும் சென்று நிற்கக்கூடிய இடம். 'மகாமசானம்' என்னும் கதையில் பரபரப்பான நகரச் சாலையின் ஓரத்தில் பிச்சைக்காரன் ஒருவன் இறந்துகொண்டிருக்கிறான். தந்தை பழம் வாங்கச் செல்ல, குழந்தையொன்று அதனைப் பார்த்து நிற்கின்றது. இறப்பவன் யார், எவ்வூரான் என்பது கூறப்படவில்லை. அவ்வறியாமையே கதையின் கனம்.

இதழாளராகிய ஒருவர் தாம் கண்டதைச் செய்தியோவியமாக்காமல் கதையாக்கினார் எனின், அதற்குக் காரணம் அவர் விருப்பம் மட்டுமன்று எனலாம். கதைக்குத் தமிழில் மதிப்பிருந்தது. உண்மை மனிதரைப் பற்றிய இலக்கியத்தரமான எழுத்து, நாளிதழின் ஆயுளோடு முடியும் பண்டமாகக் கருதப்பட்டது. இம்மனப்பான்மை நமக்கு விளைத்த இழப்பு சிறிதன்று.

5. அசோகமித்திரன்: இரு மனிதர்

1952இல் சென்னைக்குக் குடியேறிய அசோகமித்திரன் (1931–2017) ஜெமினி ஸ்டூடியோவில் பல்லாண்டு பணிபுரிந்தார். செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்த்தல் அவருக்கிடப்பட்ட வேலை. வேலையின்றி இருப்பவரென அவரைக் கருதிப் பலரும் வந்து பேசிச் சென்றனர். அவருள் ஒருவர் ஒப்பனைப் பகுதியின் 'ஆபீஸ் பாய்'. பெயர்தான் 'பாய்', வயதோ நாற்பதைக் கடந்தது. கூட்டக் காட்சிகளில் நடிப்போர்க்கு வண்ணம் பூசுவது அவர் தொழில். நடிகராகவும் இயக்குநராகவும் பாடலாசிரியராகவும் ஆகலாமென்று வந்தவர், தம் தோல்விக்கெல்லாம் கொத்தமங்கலம் சுப்புவையே காரணமாக்கிப் புலம்புகிறார். நகைப்பும் இரக்கமும் பிரிக்கவியலாது கலந்த ஓவியம் அது. சுப்புவுக்குப் பெயர் உண்டு; ஒப்பனைப் பகுதியின் அம்மனிதர்க்கோ பதவிப்பெயர் மட்டுமே. கருதவேண்டிய மற்றொன்று, இவ்வோவியம் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றது என்பது. தமிழ் நகர வாழ்வின் சிறந்த நடைச்சித்திரங்களுள் ஒன்று தமிழுக்கு வெளியே பிறந்தது நம் சிந்தனைக்குரியது.

அதே களத்தில் தமிழில் அவர் எழுதிய 'புலிக்கலைஞன்' சிறுகதையாகும். டகர் பாயிட் காதர் என்பவர் வாய்ப்பு நாடிப் படநிறுவனத்திற்கு வருகிறார். புலி முகமூடி அணிந்து பாய்கிறார். அலுவலகத்தார் திகைத்து நிற்கின்றனர். பின்னர் அவருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருகின்றது. காதர் எங்கே சென்றார் என்பதனை ஆசிரியர் சொல்லவில்லை. சொல்லமுடிந்தவர்போல் பாவனை செய்யவும் இல்லை. புலியாக நின்ற கணத்தில் அவர் யாரும் ஐயுறவொண்ணாத கலைஞர். முகமூடியைக் கழற்றியதும் பசித்த மனிதர். இரண்டில் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் ஆசிரியர் தீர்ப்பளிக்காமையே இங்குச் சிறப்பு. வகை கரைந்து தனிமனிதர் தோன்றும் இடம் இது.

6. பிறநாட்டு ஒப்புமை

நியூயார்க் நகரின் எளியோரையும் விசித்திர மனிதரையும் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜோசப் மிட்செல் (1908–1996) ஈண்டு ஒப்புநோக்கத்தக்கவர். 1938 முதல் 'தி நியூயார்க்கர்' இதழில் அவர் பணிபுரிந்தார். 1942இல் ஜோ கூல்ட் என்னும் நாடோடியைப் பற்றி எழுதினார். தம் காலத்து மக்களின் வாய்மொழி வரலாற்றைப் பன்னூறாயிரம் சொற்களில் எழுதி வருவதாகக் கூல்ட் கூறிவந்தார். அப்பெருநூல் உண்மையில் இல்லை என்பதை மிட்செல் பின்னர் உணர்ந்தார். எனினும் அதனை வெளியிடாமல் காத்தார். கூல்ட் 1957இல் இறந்தார். 1964இல்தான் மிட்செல் அம்மறைபொருளை எழுதினார். ஒரு மனிதனின் மானம் தம் கட்டுரையின் சுவையினும் பெரிதென அவர் கருதியமைக்கு இது சான்று.

ஆயினும் அவரிடத்தும் குறையுண்டு. மீன் சந்தையைச் சூழ்ந்து வாழ்ந்த பிளட் என்னும் முதியவரைப் பற்றிய கட்டுரைகள் உண்மை வரலாறாகவே முதலில் படிக்கப்பட்டன. 1948இல் அவை நூலானபோது, பிளட் ஒருவரல்லர், முதியோர் பலரின் கலவை என்று மிட்செலே தெரிவித்தார். கூல்ட்டிடம் காத்த நேர்மை இங்குத் தளர்ந்தது. கதையென்று கூறிக் கற்பித்தல் கலை. உண்மையென்று கூறிக் கற்பித்தல் வாசகனுக்கும் எழுதப்பட்டவருக்கும் ஒருங்கே இழைக்கும் பிழை. இவ்வகையில், தாம் எழுதியதைச் சிறுகதை என்றே பெயரிட்டு வழங்கிய நம் எழுத்தாளர் நேர்மையுடையவர் என்பது வெளிப்படை.

7. அளவுகோல்

மேற்கூறியவற்றால் நடைச்சித்திரத்தை மதிப்பிடுதற்கு நான்கு வினாக்கள் கிடைக்கின்றன. எழுதப்பட்டவரின் பேச்சு அவருடையதாக உளதா, ஆசிரியருடையதாக உளதா? இடமும் தொழிலும் அறிந்தோர் ஒப்புமாறு அமைந்துள்ளனவா? அவருடைய முரண்கள் காட்டப்பட்டனவா, புகழ்ச்சியாலோ நகைப்பாலோ மறைக்கப்பட்டனவா? ஆசிரியர்க்குத் தெரியாதது தெரியாததாகவே விடப்பட்டதா? நான்காவது வினாவே தலையாயது என்பது எம் துணிபு. ஏனைய மூன்றிலும் தேறிய எழுத்தும் இதில் வழுக்கி விழுதல் உண்டு.

'உண்மையோ கற்பனையோ, நயமே இலக்கியத்தின் அளவு' என்று சிலர் கூறக்கூடும். நூலாகவே நின்றுவிடும் மாந்தர்க்கு அது பொருந்தும். தெருவில் உயிரோடு உலவும் மனிதர்க்குப் பொருந்தாது. கந்தசாமிப் பிள்ளையை எவ்வாறு தீட்டினும் அவருக்குத் தீங்கில்லை. உண்மை மனிதரோ மறுநாளும் அதே தெருவில் நடக்கவேண்டியவர். ஆதலின் நடைச்சித்திரத்தில் அறமும் நயமும் வேறுவேறு அல்ல.

இவ்வகை எழுத்து நம் பாடத்திட்டங்களில் கட்டுரையென்றோ சிறுகதையென்றோ வகுக்கப்பட்டு, இரண்டிலும் ஓரத்தில் நிற்கின்றது. பழைய நாளிதழ், வார இதழ்களின் தாள்கள் ஆண்டுதோறும் உதிர்கின்றன. அவற்றுள் கிடக்கும் நகர மாந்தரும் உடனுதிர்கின்றனர். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதியை எடுத்து, அதிற் காணும் இத்தகைய எழுத்துகளை மேற்கூறிய நான்கு வினாக்களால் ஆராய்ந்து அட்டவணைப்படுத்துவாராயின், சில ஆண்டுகளில் இவ்வகையின் வரலாறு உருப்பெறும்.

பட்டுச் சேலையைக் கையாளப் பழகியவர், அதன் மடிப்பை விரித்து மறுபுறம் நோக்கியே நெசவின் தரம் காண்பர். நெய்தவர் பெயர் அங்கும் இல்லை. ஆனால் அவர் கை அங்கே தெரியும். நடைச்சித்திரத்தையும் அவ்வாறு திருப்பிப் பார்த்தல் திறனாய்வாளர் கடன். அங்கே ஆசிரியரின் கை மட்டுமே தெரியுமாயின் அவ்வெழுத்து முழுமையுற்றதன்று. வாழ்ந்தவரின் கையும் தெரிதல் வேண்டும்.