உவமையான குருடு

போர்த்துக்கல்லின் பொதுவுடைமை எழுத்தாளர் சரமாகோ 1995இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் ‘பிளைன்ட்னெஸ்’ எனப்படும் நாவலில் ஒரு நகரமே பார்வையிழந்து அழுக்கிலும் வன்செயலிலும் அமிழ்கிறது. கதைமாந்தரைக் காப்பவள் கண்ணுள்ள ஒருத்தி மட்டுமே. குருடு இங்கே உவமைதான், நாம் அறிவோம். ஆயினும் முன்பே பார்வையற்றிருந்த ஒருவனும் அங்குளன், பிரெயில் எழுதவல்லவன். பார்வையின்றி வாழும் வகையை மற்றவர் அவனிடமன்றோ கற்றிருக்க வேண்டும்? ஆசிரியரோ அவனை உணவைப் பறிக்கும் கயவரின் கணக்கப்பிள்ளையாக்கிவிட்டார்!

2008இல் நாவல் திரைப்படமானபோது அமெரிக்கத் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பினர் திரையரங்குகளின் முன் மறியல் செய்தனர். பார்வையற்றவனால் எதுவும் இயலாதென்னும் தப்பெண்ணமே தமது வேலையின்மைக்கு வேர் என்றனர். சரமாகோ அவ்வெதிர்ப்பை மடமையென ஒதுக்கினார். உழைக்கும் உரிமை கேட்டோர்க்குப் பொதுவுடைமையாளர் ஒருவர் கூறும் மறுமொழியா இது?