விட்ட நாள் எது?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலை. மூன்று வருடத்துக்கு முன் கரஸ்ஸில் பி.ஏ. சேர்ந்தாள். வந்த புத்தகக் கட்டில் பாதி இன்னும் பிரிக்காமல் பரணில் இருந்தது. கேட்டால், "இந்த ஜூனுக்கு முடியலக்கா, டிசம்பர்ல எழுதிக்கலாம்" என்பாள். படிப்பை விட்டுவிட்டாயா என்றால் முகம் சுருங்கிவிடும். அவளைப் பொறுத்தவரை அவள் இன்னும் மாணவிதான்.

இந்தியத் தொலைநிலைக் கல்வியில் இடைநிற்றல் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிறது. 1985இல் தொடங்கிய இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மூன்றாண்டு இளங்கலையை ஆறாண்டு வரை இழுத்துப் படிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. பாட வகுப்புக்குப் போவது பெரும்பாலும் அவரவர் விருப்பம். வேலைக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்த நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் ஓவர்டைம் முடிந்து, பஸ் பிடித்து வந்து, உலை வைக்கிறவளுக்கு 'அடுத்த முறை' என்ற வாசல் எப்போதும் திறந்தே இருந்தால், இந்த முறைக்கு அவசரம் ஏது? வராதவளை ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆளில்லை.

இலங்கையில் அந்த வாசல் இவ்வளவு அகலமில்லை. நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. அங்கே தொடர் மதிப்பீட்டில் உரிய புள்ளி எடுக்காதவர் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது. மதிப்பீட்டுப் பரீட்சையன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி மாட்டிக்கொண்ட தாதிக்கு இந்த விதி கொடுமைதான். பணமும் அங்கே பெரிய காரணம். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும், பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி போதாமல் போனவர்கள் பலர் இந்தத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். கூடப் படித்தவர்கள் மற்ற அரச பல்கலைக்கழகங்களில் இலவசமாகப் படிக்க, இவர்கள் மட்டும் கட்டணம் கட்ட வேண்டும். அடிப்படைப் பாடநெறியைத் தமிழில் படித்துவிட்டுப் பொறியியலுக்குப் போனால் ஆங்கிலம் வேறு முன்னால் வந்து நிற்கும்.

ஆனாலும் எனக்கு அந்தக் கண்டிப்பே மேல் என்று படுகிறது. தகுதி போனது அந்த வருடமே தெரிந்துவிடும். அழுதாலும் அடுத்த வருடம் திரும்பப் பதிவதா, நிறுத்துவதா என்று படிப்பவரே முடிவெடுக்கலாம்.

கர்நாடகத்தில் வேறொரு கதையும் நடந்தது. மைசூரில் 1996இல் தொடங்கிய மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2012-13க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் அறிவித்தது. 2018இல்தான் அங்கீகாரம் திரும்பியது. இடையில் பணம் கட்டி, பாடம் படித்து, தேர்வுக்குக் காத்திருந்தவர்களையும் இடைநின்றவர்கள் என்று எண்ணுவது எந்த நியாயம்? படிப்புதான் அவர்களை விட்டுப்போனது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பரணிலிருந்து புத்தகக் கட்டை இருவருமாக இறக்கினோம். பிரித்திருந்த முதல் புத்தகத்தில், பதினொன்றாம் பக்கத்தில், அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. எழுத்து மங்கியிருந்தாலும் தேதி தெரிந்தது. சேர்ந்து இரண்டாவது மாதம். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிக்கெட்டை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.