சிங்கப் பாடலின் சொந்தக்காரர்

கலை மக்களுக்குரியது என்பது எமது கொள்கை. ஆயினும், மக்களுக்குரியது என்று போற்றப்படும் கலையின் பயன் யாருடைய பணப்பெட்டியைச் சென்றடைகின்றது என்று ஆராயாதவரை, அக்கொள்கை வெறுங் கோஷமாகவே நின்றுவிடும். தென்னாபிரிக்கப் பாடகர் சொலமன் லிண்டாவின் வரலாறு இவ்வுண்மையை எமக்கு உணர்த்துகின்றது.

ஜொகன்னஸ்பேர்க் நகரில் இசைத்தட்டுக் கொம்பனி ஒன்றின் தொழிலாளியாயிருந்த இந்தச் சூலு இனத்தவர், 1939ஆம் ஆண்டில் தமது குழுவினருடன் ‘ம்பூபே’ என்ற பாடலைப் பாடிப் பதிவு செய்தார். சூலு மொழியில் ‘சிங்கம்’ என்பது அதன் பொருள். இசைத்தட்டு கடல் கடந்து அமெரிக்கா சென்றது. பீட் சீகரும் ‘வீவர்ஸ்’ குழுவினரும் சூலுச் சொல்லை ‘விமோவே’ எனப் பிழையாகச் செவிமடுத்து அவ்வாறே பாடினர். 1961இல் ஆங்கில வரிகளுடன் புதுக்கோலம் பூண்ட அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு லிண்டா வறுமையில் மாண்டார். அவரது உரிமைக்கு விலையாகக் கிடைத்தது 10 ஷில்லிங் என்பர்.

முதலாளிகளை மாத்திரம் குற்றஞ்சாட்டி நாம் அமைதியடைதல் இலகு. ஆனால் வீவர்ஸ் குழுவினர் இடதுசாரிகள். மக்கார்த்தி காலத்து வேட்டையில் தொழிலிழந்தவர்கள். லிண்டாவுக்கு 1000 டொலர் அனுப்பச் செய்ததாகச் சீகர் பின்னர் கூறியுமுள்ளார். அவர்களது நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. எனினும், அதனைப் பெயரற்ற பழைய நாட்டுப் பாடலென்றே அவர்கள் கருதினர். ஆசிரியராகப் பதியப்பட்டதோ ‘போல் கம்பெல்’ என்ற புனைபெயர்! ஐரோப்பியன் ஆக்கினால் படைப்பு, ஆபிரிக்கன் ஆக்கினால் மரபு என்ற ஏகாதிபத்தியப் பார்வை முற்போக்காளரையும் விட்டுவைக்கவில்லை.

2000ஆம் ஆண்டில் எழுத்தாளர் ரியன் மலான் இவ்வநீதியை விரிவாக வெளிப்படுத்தினார். 1994இல் ‘லயன் கிங்’ திரைப்படத்தில் இப்பாடலைப் பயன்படுத்திய டிஸ்னி கொம்பனிமீது, லிண்டாவின் புதல்வியர் சார்பில் 2004இல் தென்னாபிரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. ஆசிரியர் தம் வாழ்நாளில் கைமாற்றிய உரிமை, அவர் இறந்து 25 ஆண்டுகளின் பின் வாரிசுகளிடம் மீளும் என 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் விதித்திருந்தது. அதுவே வழக்கின் ஆதாரம். அந்நியக் கொம்பனியை உள்ளூர் நீதிமன்றின் அதிகாரத்துள் கொணர்வதற்காக, அந்நாட்டில் அது பதிந்து வைத்திருந்த வியாபாரச் சின்னங்களை நீதிமன்று தடுத்து வைத்தது. 2006இல் இணக்கம் ஏற்பட்டது. லிண்டா பாடலின் இணையாசிரியராக ஏற்கப்பட்டார். உரிமைப் பணம் குடும்பத்தினருக்குரியதாயிற்று.

ஏகாதிபத்தியம் தன் நூலாசிரியர்களுக்காக இயற்றிய சட்டமே சூலுத் தொழிலாளியின் புதல்வியருக்குக் கருவியாயிற்று. சட்டம் நீதியன்று, எனினும் அதனை வலியோரிடமே விட்டுவிடுவது அறிவுடைமையுமன்று. ஏட்டுரிமையை மாத்திரம் வைத்திருப்பவனுக்கு அது பயன்படாது. அதனை அறிந்து, வழக்காடவும் வசதி பெற்றவனுக்கே அது பயன்படும்.

நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுக்கும் ஆசிரியரும் மாணவரும் இதிலிருந்து பெறவேண்டிய பாடம் ஒன்றுண்டு. பாட்டை எழுதிக்கொள்ளும்போது பாடியவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுவோம். பெயரை அழித்துவிட்டு மக்கள் கலையைப் போற்றுவது, மக்களைப் போற்றுவதாகாது.