சோலரைஸ்டு வண்ணத் திட்டமும் சிஎஸ்எஸ் மாறிகளும்: ஒரு விமர்சனம்

2011 ஏப்ரலில் ஈதன் ஸ்கூனோவர் என்ற வடிவமைப்பாளர் சோலரைஸ்டு என்ற வண்ணத் திட்டத்தை வெளியிட்டார். மொத்தம் 16 நிறங்கள். நிரல் எழுதுகிறவர்களில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. விஎஸ் கோட் எடிட்டரின் தீம் பட்டியலைத் திறந்தால் சோலரைஸ்டு லைட், சோலரைஸ்டு டார்க் இரண்டும் கூடவே வரும். டெர்மினலுக்கும் எடிட்டருக்கும் என்று பிறந்தது, பிறகு வலைத்தளங்களுக்கும் குடிவந்துவிட்டது. நம் தளத்துக்கு லைட், டார்க் இரண்டு தீமும் வேணும் என்று உட்கார்ந்தால் முதலில் கைக்கு எட்டுவது இதுதான். நிறம் தேடி அலைய வேண்டாம், ஒருத்தர் அளந்தே வைத்திருக்கிறார் என்ற நிம்மதி.

அந்த அளவைத்தான் இங்கே மறுபடி அளந்து பார்க்கிறேன். சோலரைஸ்டின் பெருமையாகச் சொல்லப்படுவது அதன் சமச்சீர். அந்தச் சமச்சீர் ஒரு வலைப்பக்கத்தில் வாசகருக்கு எதிராக வேலை செய்கிறது என்பது என் கருத்து.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். 16-ல் எட்டு நிறங்கள் சாம்பல் வகை: பின்னணிக்கும் எழுத்துக்கும். மற்ற எட்டு அழுத்த நிறங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மெஜந்தா, ஊதா, நீலம், சயான், பச்சை. ஒவ்வொன்றுக்கும் சிஐஇ லேப் முறையில் ஓர் ஒளிர்வு எண் உண்டு. 0 என்றால் கருப்பு, 100 என்றால் வெள்ளை. டார்க் பக்கத்தின் பின்னணி 15, எழுத்து 60. லைட் பக்கத்தின் பின்னணி 97, எழுத்து 50. இடைவெளி ஒரு பக்கம் 45, மறுபக்கம் 47. டார்க்கிலிருந்து லைட்டுக்குத் தாவும்போது சாம்பல்கள் மட்டும் இடம் மாறிக்கொள்ளும். அழுத்த நிறங்கள் எட்டும் அசையாமல் அப்படியே இருக்கும். பார்க்க ரொம்ப அழகான ஏற்பாடு. சாம்பல்களைப் பொறுத்தவரை அவர் பட்ட சிரத்தைக்கு எனக்கு மரியாதை உண்டு. கருப்பைத் தலைகீழாக்கினால் வெள்ளை, வேலை முடிந்தது என்று போகிற தீம்கள்தான் இன்றைக்கும் அதிகம்.

சிக்கல் அசையாத அந்த எட்டில் இருக்கிறது.

வலைத்தள அணுகல்தன்மை விதிகள் சாதாரண அளவு எழுத்துக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3 போதும். அந்தச் சூத்திரத்தில் போட்டால் சோலரைஸ்டின் மஞ்சள் டார்க் பின்னணியில் சுமார் 4.7 வருகிறது, தேறிவிட்டது. அதே மஞ்சள் லைட் பின்னணியில் 3-ஐக்கூடத் தொடவில்லை. சிவப்பு நேர்மாறு: லைட்டில் 4.3, டார்க்கில் 3.2. நீலத்தைத்தான் பெரும்பாலும் லிங்குக்கு வைப்பார்கள். அது லைட்டில் 3.4, டார்க்கில் 4.1. இரண்டு பக்கமும் தேறாது.

இது நிறத் தேர்வில் வந்த குறை இல்லை. வேறு எந்த நிறத்தை வைத்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். கணக்கு எளிது. சோலரைஸ்டின் இரண்டு பின்னணிகளையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்தால் கான்ட்ராஸ்ட் சுமார் 13.9. நடுவில் ஒரு நிறத்தை வைத்தால் அது இந்த 13.9-ஐ இரண்டாகப் பிரிக்கிறது. இரண்டு பக்க எண்களையும் பெருக்கினால் மறுபடி 13.9 வரும். ஆக, ஒரே நிறம் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் கிடைக்கக்கூடிய உச்சம் 13.9-ன் வர்க்கமூலம், அதாவது 3.7. இரண்டிலும் 4.5 வேணும் என்றால் பின்னணிகளுக்கு நடுவே 20.25 இருக்க வேண்டும். சுத்தக் கருப்புக்கும் சுத்த வெள்ளைக்குமே 21தான்! கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு பின்னணிகளையும் நடுவை நோக்கி இழுத்த அந்தக் கணத்திலேயே, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நிறம் என்பது நடக்காத காரியமாகிவிட்டது.

சரி, அப்படியானால் ஏன் பொதுவாக வைக்க வேண்டும்? டெர்மினலில் அதற்கு நியாயம் உண்டு. அங்கே இருப்பது மொத்தம் 16 அறை. அதற்குள் இரண்டு பக்கமும் அடங்க வேண்டும் என்றால் பகிர்ந்துதான் ஆக வேண்டும். அங்கேயும் அதற்கு ஒரு விலை இருந்தது. பளிச் நிறங்களுக்கான அறைகளில் பெரும்பாலானவற்றில் சாம்பல்களைக் குடிவைத்ததால், ஏதோ ஒரு நிரல் பளிச் பச்சையில் செய்தி அச்சிட்டால் சாம்பலாக வரும். பளிச் கருப்பில் அச்சிட்டால் டார்க் பக்கத்தில் ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் அந்த அறையில் இருப்பது பின்னணி நிறம்.

சிஎஸ்எஸ்ஸில் இந்த 16 அறைக் கட்டுப்பாடு கிடையாது. 2016 மார்ச்சில் குரோமும் சஃபாரியும் மாறிகளை ஏற்றதிலிருந்து (ஃபயர்ஃபாக்ஸ் 2014-லேயே ஏற்றுவிட்டது) எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு ஒரு மதிப்பு கொடுக்கலாம். அப்புறமும் டெர்மினலின் சிக்கனத்தை இங்கே தூக்கிக்கொண்டு வருவது, தனி வீடு கட்டிய பிறகும் ஒண்டுக்குடித்தனத்துக் குளியலறை நேரப்படி குளிக்கிற மாதிரி.

இன்னொன்று, பெயர். பேஸ்03 என்றால் அடர்ந்த பின்னணி, பேஸ்3 என்றால் வெளிர் பின்னணி. இதை அப்படியே மாறிகளாக்கி, தீம் மாறும்போது மதிப்புகளை மட்டும் இடம் மாற்றினால் பேஸ்03 என்ற பெயருக்குள் வெளிர் நிறம் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்குத் தலை சுற்றும். மாறியின் பெயர் நிறத்தைச் சொல்லக் கூடாது, வேலையைச் சொல்ல வேண்டும். என் கோப்பில் --பின்னணி, --எழுத்து, --லிங்க், --குறிப்பு என்றே வைத்திருக்கிறேன். ஆமாம், தமிழிலேயே. சிஎஸ்எஸ் மாறிப் பெயர்களில் தமிழ் எழுத்து செல்லும், பிரவுசர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்கிறது. தமிழில் எழுதும்போது நீலம் என்பதற்குப் பதில் லிங்க் என்று எழுத இன்னொரு முறை யோசிக்கிறோம். அந்த யோசனை நல்லது.

பெயர்களை இரண்டு அடுக்காக வைப்பவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். மேலே வேர் உறுப்பில் --லிங்க் என்பதை --நீலம் என்ற மாறியைச் சுட்டும்படி எழுதிவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு டார்க் பெட்டிக்குள் --நீலம் மதிப்பை மட்டும் மாற்றினால் லிங்கின் நிறம் மாறாது. ஒரு மாறி இன்னொரு மாறியைச் சுட்டும்போது, எந்த உறுப்பில் அறிவித்தோமோ அங்கேயே அதன் மதிப்பு முடிவாகி, கீழே இறங்குவது அந்த முடிவு மட்டும்தான். 2024-ல் எல்லாப் பெரிய பிரவுசர்களுக்கும் வந்து சேர்ந்த லைட்-டார்க் என்ற செயற்கூறு இதில் நல்ல உதவி. இரண்டு நிறங்களை ஒரே வரியில் கொடுக்கலாம். சாதாரண மாறிக்குள் வைத்தால் அது அவிழாமலே கீழே இறங்கி, பயன்படுத்துகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று பார்த்து அவிழும். பெட்டிக்குக் கலர்-ஸ்கீம் பண்பில் டார்க் என்று மட்டும் சொன்னால் போதும். ஸ்க்ரோல் பட்டையும் உள்ளீட்டுப் பெட்டிகளும்கூட அதைப் பார்த்தே மாறும்.

நிறங்கள் ஜோடியாகத்தான் பொருள்படும் என்பதற்கு விக்கிப்பீடியா நல்ல சாட்சி. 2024-ல் அங்கே டார்க் மோட் வந்தபோது பெரிய தலைவலி, வார்ப்புருக்களில் தன்னார்வலர்கள் நேரடியாக எழுதி வைத்த நிறங்கள். பின்னணியை மட்டும் வெளிர் நிறமாக்கி, எழுத்தின் நிறத்தைச் சொல்லாமல் விட்ட பெட்டிகள். டார்க் தீம் எழுத்தை வெளிர் நிறமாக்கியதும் வெளிரின் மேல் வெளிர். பின்னணியைச் சொன்னால் எழுத்தின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் அங்கே கொடுக்கப்பட்ட அறிவுரை.

சோலரைஸ்டை ஆதரிப்பவர்களின் பதில் எனக்குத் தெரியும். வெள்ளைத் திரையில் கருப்பு எழுத்து, வெயிலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது மாதிரி, கண் சோர்ந்துபோகும், அதனால்தான் கான்ட்ராஸ்டைக் குறைத்தோம் என்பார்கள். ஸ்கூனோவர் முன்வைத்த வாதமும் இதுவே. பிரகாசத்தைக் குறைக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் திரையின் பிரகாசத்தைக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதத்தைக் கூட்ட வாசகரிடம் எந்தப் பொத்தானும் இல்லை. 4.5 என்ற எண்ணும் அதன் சூத்திரமும் வேதவாக்கு இல்லைதான். அடர் நிறங்களில் அந்தச் சூத்திரம் தாராளமாக மதிப்பெண் போடுகிறது என்ற புகார் பழையது. அதைக் கணக்கில் எடுத்தால் டார்க் பக்கத்தின் நிலைமை இன்னும் மோசமாகுமே தவிர மேம்படாது. ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் பீபன்ப்ராக் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிர் பின்னணியில் அடர் எழுத்துதான் இளையவர், முதியவர் இரு சாராருக்கும் படிக்கத் தெளிவாக இருந்தது. வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கும், பிம்பம் கூர்மையாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். நாற்பதுக்கு மேல் வருகிற கண் குறைக்கு நம் ஊரில் வெள்ளெழுத்து என்று பெயர். டார்க் மோட் காலத்துக்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கு. என் வயதுக்காரர்களுக்குப் புரியும்.

இதில் எனக்குத் தாங்காதது ஒன்று. சோலரைஸ்டில் நிரல் குறிப்புகளுக்கு, அதாவது கமென்ட்டுகளுக்கு, ஒதுக்கியிருப்பது எழுத்து வகைகளிலேயே மங்கலான சாம்பல். டார்க்கில் 2.8, லைட்டில் 2.5. நிரலில் மனிதன் மனிதனுக்காக எழுதுகிற ஒரே பகுதி அது. கணினி படிக்காத அந்த வரிகள் மனிதனுக்கும் தெரியக்கூடாது என்றால் எப்படி? இந்த வழக்கம் சோலரைஸ்டோடு நிற்கவில்லை, குறிப்பு என்றாலே மங்கல் என்று பல தீம்களில் காணலாம்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. சோலரைஸ்டின் பின்னணிகளையே வைத்துக்கொண்டால், லைட்டில் ஒளிர்வு 47-க்குக் கீழேயும் டார்க்கில் 59-க்கு மேலேயும் இருந்தால் 4.5 கிடைத்துவிடும். நான் லிங்க் நீலத்தை லைட்டுக்கு 40, டார்க்குக்கு 65 என்று இரண்டாகப் பிரித்தேன்; சாயல் அதேதான், எண்கள் 6-ம் 5.6-ம் வருகின்றன. --குறிப்பு மாறிக்கும் இதே 40, 65. மஞ்சள் மட்டும் ஒத்துவரவில்லை. 40-க்கு இறக்கினால் அது மஞ்சளாக இல்லை, பாசி படிந்த பழுப்பு. அதனால் லைட் பக்கத்தில் மஞ்சளை எழுத்துக்குப் போடுவதை விட்டுவிட்டு, எழுத்துக்குப் பின்னால் வருகிற பட்டைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.