ட்ரைப் துரையின் மதுரை

லின்னேயஸ் ட்ரைப் என்ற பெயர் மதுரைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பெனிப் பட்டாளத்தில் காப்டன். சென்னை ராஜதானி ஸர்க்காரின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டுவண்டி யுகத்தில் காமிராவோடு அலைந்தவர்.

அவருடைய மதுரைப் படங்கள் எனக்குப் பிடிக்கும். கல்லை அவர் மாதிரி பார்த்தவர்கள் குறைவு. தூணின் மேல் விழும் வெயிலைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். ஆனால் ஒரு மனத்தாங்கல் உண்டு. பெரும்பாலான படங்களில் ஆளே கிடையாது. மெழுகு பூசிய காகித நெகடிவில் ஒளி பதிய வெகுநேரம் பிடிக்கும், நடந்து போகிறவன் படத்தில் விழமாட்டான், வாஸ்தவம். நாலு பேரை நிறுத்திவைத்து எடுத்திருக்கலாமே? அந்த நெகடிவில் வானம் வெறுமையாக விழுகிறது என்று, பல படங்களில் கையாலேயே மேகம் தீட்டிச் சேர்த்தவர் அவர். மேகத்துக்குப் பட்ட சிரமத்தில் பாதியை ஒரு பூக்காரிக்குப் பட்டிருக்கக் கூடாதா?

இந்த அபிப்பிராயத்தோடுதான் போன வருஷம் திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போனேன். கையில் ட்ரைப் எடுத்த மஹால் படத்தின் நகல் ஒன்று. 1866-க்கும் 1872-க்கும் இடையே நேப்பியர் பிரபு கவர்னராயிருந்தபோது நடந்த மராமத்துக்கு முந்திய மஹால் அது, இடிபாடு. துரை எங்கே நின்று எடுத்திருப்பார் என்று முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றது ஒரு குரல்.

எழுபது தாண்டிய பெரியவர். படத்தைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆளையே காணோமே. ஊரே காலி பண்ணிட்டுப் போயிருச்சா?"

என் விமரிசனம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. நகலும் நெகடிவுமாக விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. விரல் ஒரு தூணிடம் போய் நின்றுவிட்டது.

மஹாலில் 1970 வாக்கில்வரை ஜில்லா கோர்ட் நடந்தது என்பது எனக்குப் புஸ்தகத்தில் படித்த சங்கதி. அவருக்கு அது பாகப்பிரிவினை வழக்கு. சித்தப்பா ஒரு தூணடியில், அப்பா ஒரு தூணடியில். வாய்தாவுக்கு வாய்தா பேச்சுவார்த்தை இல்லாமல் நிற்பார்களாம். கட்டுச்சோறு மட்டும் ஒரே வீட்டிலிருந்து வருமாம். பையனான இவர்தான் இரண்டு தூணுக்கும் நடுவே தூக்குச்சட்டியோடு நடந்தவர். ஒரு மணி நேரம் பேசினார். படமில்லாமல் நான் போய் நின்றிருந்தால், டிக்கெட் எடுக்கும் இடத்தைக் காட்டியிருப்பார்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியிருக்கிறார் ட்ரைப். தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்காக இவ்வளவு பாடு! 1859-இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அவருடைய வேலையையே நிறுத்திவிட்டார்.

புறப்படும்போது, "இதை நான் வெச்சுக்கிறட்டுமா?" என்றார் பெரியவர். கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, துரை காலியாக விட்டிருந்த தரையில், ஒரு தூணடியில் சின்னதாகப் புள்ளி வைத்தார்.

"அப்பா" என்றார். கொஞ்சம் யோசித்து, எதிர்த் தூணடியிலும் ஒன்று வைத்தார்.