இச்சாப்பூர் பிஸ்டல்

இந்தியப் படையினரும் காவல்துறையினரும் நெடுங்காலமாக இடுப்பில் அணிந்துவரும் 9 மி.மீ. ‘1ஏ’ பிஸ்டல், வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவானது. அந்தப் பிஸ்டலின் மூல வடிவம், 1935இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் தொடங்கிய வடிவமைப்பை, 1926இல் அவர் மறைந்தபின் சேவ் என்பவர் முடித்தார்.

அதன் பேரழகு கைப்பிடியில்தான். 13 தோட்டாக்கள் இரட்டை வரிசையாக அடங்கியும் பிடி தடிப்பதில்லை. சிறிய கைக்கும் இணக்கமாகப் பொருந்துகிறது. இவ்வளவு இயல்பான பிடி பின்வந்த பல பிஸ்டல்களில் இல்லை. விசை அத்தனை இனிமையாக இல்லை: மேகசினைக் கழற்றினால் சுடவிடாத காப்பு அமைப்பு இழுப்பைக் கடினமாக்குகிறது. பின்னால் மடங்கும் சுத்தியல், பெருங்கையரின் கட்டைவிரல் இடுக்கைக் கடிப்பதும் உண்டு.

உருண்டை முனைத் தோட்டாவுக்கென்றே அமைந்த இயக்கம் நம்பகமானது. தோட்டா சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது மேகசினின் தளர்ந்த ஸ்பிரிங்கையும் வளைந்த வாய் விளிம்பையும். இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட அளவு; சாதாரண உரிமம் பெற்ற குடிமக்கள் வாங்கக்கூடியவற்றுள் ஒன்று .32 பிஸ்டல்.